500, 502, 503, 504: வேர்ட்பிரஸ் தளம் விழுந்தால் எங்கிருந்து தொடங்குவது

தளம் திறக்கவில்லை என்றதும் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது மூன்று. கேஷை (தற்காலிகமாகச் சேமித்த நகல்களை) அழிப்பார்கள், கண்ணில் பட்ட பிளக்இன்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) நீக்குவார்கள், இணையத்தில் கிடைத்த நாலு வரியை ஏதோ ஒரு கோப்பில் ஒட்டுவார்கள். சில சமயம் பலிக்கும். பலிக்காதபோது பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். எது எதனால் வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

திரையில் தெரியும் எண், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். காரணம் இருப்பது சர்வரின் எர்ரர் லாக்கில், அதாவது பிழைகள் பதியும் கோப்பில். அதைத் திறந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது) ஓடும் வேர்ட்பிரஸ் தளத்தை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். தமிழில் வலைத்தளம் தொடங்கும் பலரிடம் இருப்பது அதுதான். சொந்தமாக விபிஎஸ் (தாமே நிர்வகிக்கும் மெய்நிகர் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இடையிடையே வரும்.

விழுந்தது தளமா, உங்கள் இணைப்பா?

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறங்கள். அங்கே திறந்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு ஐபி முகவரியை ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபயர்வால் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். சிபேனலுக்கோ எஃப்டிபிக்கோ (கோப்புகளை ஏற்றும் வழி) மின்னஞ்சலுக்கோ தவறான கடவுச்சொல் பலமுறை போனால் தடுத்துவிடும். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பழைய கைப்பேசியில் இருக்கும் மின்னஞ்சல் செயலியை மறந்துவிட்டால் அதுவே போதும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய கடவுச்சொல்லோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் ஐபி முகவரியைக் கண்டுபிடித்து அனுப்பி, தடையை நீக்கச் சொல்லுங்கள்.

எங்கிருந்து பார்த்தாலும் திறக்கவில்லை, ஆனால் 500, 503 போன்ற எண் எதுவும் தெரியவில்லை, தளத்தை அடைய முடியவில்லை என்று பிரவுசர்தான் சொல்கிறது என்றால், கோரிக்கை சர்வர்வரை போகவேயில்லை. முதலில் டொமைன் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் தனித்தனிச் சந்தா. ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டிவிட்டு டொமைனை மறப்பது சாதாரணமாக நடப்பது. டொமைன் சரியாக இருந்தால் நேம்சர்வர் (டொமைன் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்வது) பெயர்களைச் சரிபாருங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் இணைப்பை மறையாக்கம் செய்ய உதவுவது) காலாவதியாகியிருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். அதற்குள் தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் பதிவை) வேறு இடத்துக்கு மாற்றியவர்களுக்கு இந்தப் புதுப்பித்தல் சத்தமில்லாமல் நின்றுபோவது உண்டு.

எண் தெரிந்தால்

4-இல் தொடங்கினால் கோரிக்கையில் குறை: முகவரி தப்பு, அனுமதி இல்லை, கோப்பு பெரியது. 5-இல் தொடங்கினால் குறை சர்வர் பக்கம். பக்கத்தில் எண் தெரியாமல் வெறும் வெள்ளையாகவோ அலங்காரச் செய்தியாகவோ இருந்தால், கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் தாவலுக்குப் போய், பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். முதல் வரியின் ஸ்டேட்டஸ் கட்டத்தில் எண் இருக்கும்.

ஒரு பக்கம் திறப்பதற்குள் கோரிக்கை பல கை மாறுகிறது. பிரவுசரிலிருந்து கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைச்சேவை (இருந்தால்), அங்கிருந்து அப்பாச்சி, லைட்ஸ்பீட் அல்லது என்ஜின்எக்ஸ் என்னும் வெப் சர்வர், அதன் பின்னால் பக்கத்தை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பி, கடைசியில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். 500 என்றால் உள்ளே ஓடிய நிரலோ அமைப்போ உடைந்தது. 502 என்றால் முன்னால் நிற்பவர் பின்னால் இருப்பவரிடம் கேட்டார், ஒழுங்கான பதில் வரவில்லை. 504-இல் கேட்டார், நேரம் முடியும்வரை பதிலே வரவில்லை. 503-இல் சர்வர் உயிரோடு இருக்கிறது, இப்போது வேலை எடுக்க முடியாது என்கிறது.

லாக் எங்கே, எப்படிப் படிப்பது

சிபேனலில் மெட்ரிக்ஸ் பகுதியில் எர்ரர்ஸ் என்று ஒன்று இருக்கும். அது வெப் சர்வரின் கடைசி 300 பிழை வரிகள்வரை காட்டும். பிஎச்பியின் பிழைகள் பெரும்பாலும் அங்கே வராது. ஃபைல் மேனேஜரில் பப்ளிக்_எச்டிஎம்எல் கோப்புறைக்குள் எர்ரர்_லாக் என்ற கோப்பைத் தேடுங்கள். நிர்வாகப் பக்கங்களில் மட்டும் பிழை வருகிறதென்றால் டபிள்யூபி-அட்மின் கோப்புறைக்குள்ளும் அதே பெயரில் தனியாக ஒன்று இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

நேரத்தைப் பார்க்கும்போது கவனம் தேவை. லாக்கில் பதியும் நேரம் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்). இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 3:30 என்றால் அங்கே காலை 10:00 என்று இருக்கும். சிங்கப்பூரில் மாலை 6:00. இது தெரியாமல், நேற்றைய பிழையை இன்றைய பிழையாக நினைத்துத் துரத்துபவர்கள் உண்டு. நம்பகமான வழி: தளத்தை ஒருமுறை திறந்து பிழையை வரவழையுங்கள், உடனே லாக்கின் கடைசி வரியைப் பாருங்கள்.

நோட்டீஸ், வார்னிங், டெப்ரிகேட்டட் என்று தொடங்கும் வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவற்றால் தளம் விழாது. ஃபேட்டல் எர்ரர் அல்லது பார்ஸ் எர்ரர் என்று இருக்கும் வரிதான் நமக்கு வேண்டியது. அந்த வரியில் கோப்பின் முழுப் பாதையும் வரி எண்ணும் இருக்கும். பாதையில் பிளக்இன்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து வருவது குற்றவாளி பிளக்இனின் பெயர். தீம்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து வருவது தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைப்பது) பெயர்.

லாக்கில் எதுவுமே இல்லையென்றால் வேர்ட்பிரஸின் சொந்தப் பதிவை இயக்குங்கள். வேர்ட்பிரஸின் அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பை முதலில் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைத் திருத்தத் திறந்து, டபிள்யூபி_டீபக் என்ற பெயர் உள்ள வரியைத் தேடி, ஃபால்ஸ் என்பதை ட்ரூ என்று மாற்றுங்கள். அந்த வரியையே கீழே இரண்டு முறை நகலெடுத்து, முதல் நகலில் பெயரின் முடிவில் அடிக்கோடும் லாக் என்ற சொல்லும் சேர்த்து ட்ரூ என்றும், இரண்டாவதில் அடிக்கோடும் டிஸ்ப்ளே என்ற சொல்லும் சேர்த்து ஃபால்ஸ் என்றும் வையுங்கள். பெயர்கள் எல்லாமே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் பிழைச் செய்திகள் வாசகர்கள் கண்ணிலும் படும், சர்வரின் கோப்புப் பாதைகளோடு. இனி வரும் பிழைகள் டபிள்யூபி-கான்டென்ட் கோப்புறையில் டீபக் லாக் கோப்பில் சேரும்.

500: காரணம் பல, வழி ஒன்று

எதையும் அழிக்க வேண்டாம், பெயரை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தளத்தைத் திறந்து பார்த்து, பலனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தளத்தின் எந்தப் பக்கமும், வெறும் படங்கள்கூட, 500 காட்டினால் முதல் சந்தேகம், வெப் சர்வருக்கான அமைப்புகள் உள்ள எச்டிஅக்சஸ் கோப்பின்மேல். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜரில் மறைந்திருக்கும். செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவைக் குறியிட்டால் தெரியும். அதன் பெயரோடு பழையது என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து மாற்றிவிட்டுத் தளத்தைத் திறங்கள். திறந்துவிட்டதா? வேர்ட்பிரஸ் நிர்வாகத்தில் செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ் போய் எதையும் மாற்றாமல் சேவ் அழுத்தினால் புதுக் கோப்பு உருவாகும். பழைய கோப்பில் என்ன கெட்டது என்றும் பாருங்கள். பிஎச்பி_வேல்யூ என்று தொடங்கும் வரிகள்தான் அடிக்கடி வரும் குற்றவாளி. மெமரியைக் கூட்ட, கோப்பு அளவைக் கூட்ட என்று பழைய கட்டுரைகள் இந்த வரியைத்தான் சேர்க்கச் சொல்லும். பிஎச்பி, அப்பாச்சியின் உள்பகுதியாக ஓடிய காலத்து முறை அது. பிஎச்பியைத் தனியாக ஓட்டும் இன்றைய சர்வர்கள் பலவற்றில் அப்பாச்சிக்கு அந்த வரி புரியாது, உடனே 500.

படங்கள் திறக்கின்றன, பக்கங்கள் மட்டும் விழுகின்றன என்றால் பிஎச்பி பக்கம் போங்கள். லாக் ஒரு பிளக்இனைக் காட்டினால் அதன் கோப்புறைப் பெயரை மட்டும் மாற்றுங்கள், போதும். எது என்று தெரியாதபோதுதான் பிளக்இன்ஸ் கோப்புறை முழுவதன் பெயரையும் மாற்றும் பழைய வைத்தியம். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பெயரை மாற்றிய பிறகு நிர்வாகத்தில் பிளக்இன்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்தாக வேண்டும். அப்போதுதான் கோப்புகளைக் காணோம் என்று வேர்ட்பிரஸ் எல்லாவற்றையும் முடக்கும். அதைத் திறக்காமல் கோப்புறைக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் மறுபடி இயங்கும், தளமும் மறுபடி விழும். முடங்கிய பிறகு பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் தளத்தைத் திறந்து பாருங்கள்.

வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து, இப்படிப் பிழை வந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று போகும். அதைச் சொடுக்கினால் கோளாறான பிளக்இனை உங்களுக்கு மட்டும் நிறுத்திவைத்து உள்ளே விடும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் மின்னஞ்சலே நிர்வாகி முகவரியாக இருந்தால் கடிதம் அவருக்குப் போயிருக்கும்.

நீங்கள் எதையும் தொடவில்லை, ஒரு காலையில் தானாக விழுந்துவிட்டது என்றால் ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி பதிப்பை உயர்த்தியதா என்று பாருங்கள். இல்லாத ஃபங்ஷனை அழைத்ததாக லாக் சொல்லும். கிரியேட்_ஃபங்ஷன், ஈச் ஆகிய இரண்டும் பிஎச்பி 8.0-இல் நீக்கப்பட்டவை, மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் 7.0-இலேயே போய்விட்டது. சிபேனலின் மல்டிபிஎச்பி மேனேஜரில் பழைய பதிப்புக்குத் தற்காலிகமாகத் திரும்பினால் தளம் எழும். அங்கேயே குடியிருக்க வேண்டாம். பிளக்இனையும் தீமையும் புதுப்பித்துவிட்டுப் புதிய பதிப்புக்கு வந்துவிடுங்கள். புதுப்பிப்பே வராத பிளக்இன் என்றால் மாற்று தேடும் நேரம் அது.

மெமரி தீர்ந்தது என்ற செய்தியில் 134217728 என்று ஓர் எண் தெரிந்தால் அது 128 எம்பி. 268435456 என்றால் 256 எம்பி. சிபேனலின் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் மெமரி லிமிட்டை 256 ஆக்கலாம். வேர்ட்பிரஸுக்குள் எழுதும் எல்லை, ஹோஸ்டிங் அனுமதிப்பதைத் தாண்டாது. இந்தப் பிழையில் மட்டும் லாக் காட்டும் கோப்பை அப்படியே நம்ப வேண்டாம்: மெமரி தீரும் நொடியில் எந்தக் கோப்பு ஓடியதோ அதன் பெயர்தான் விழும், தின்று தீர்த்தது வேறாக இருக்கலாம். 256-உம் தீர்ந்தால் 512 கேட்பதைவிட, கடைசியாகச் சேர்த்த பிளக்இனை நிறுத்திப் பாருங்கள். ஒரு சாதாரணக் கட்டுரைத் தளத்துக்கு 256 எம்பி தாராளம்.

கோப்பு அனுமதிகள் (யார் படிக்கலாம், எழுதலாம் என்பதைச் சொல்லும் எண்கள்): கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644, டபிள்யூபி-கான்ஃபிக் கோப்புக்கு 600 அல்லது 640. எதற்கும் 777 வைக்காதீர்கள். அது பாதுகாப்புக் கேடு என்பதோடு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்கும் பிஎச்பி கோப்பைப் பல ஷேர்டு சர்வர்கள் ஓட்டவே மறுத்து 500 காட்டும். ஆக, சரிசெய்வதற்காகச் சிலர் தரும் 777தான் சில தளங்களில் நோயே.

கடைசியாக, இடம். சிபேனலின் ஓரத்தில் டிஸ்க் யூசேஜ், ஃபைல் யூசேஜ் இரண்டையும் பாருங்கள். இடம் இருந்தும் கோப்புகளின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டுவிட்டால் புதுக் கோப்பு எதையும் எழுத முடியாது. பேக்அப் பிளக்இன் தளத்துக்குள்ளேயே அடுக்கிவைத்த ஜிப் கோப்புகளும், மாதக்கணக்கில் வளர்ந்த எர்ரர்_லாக் கோப்பும்தான் வழக்கமாக இடத்தை அடைப்பவை.

தரவுத்தள இணைப்பு கிடைக்கவில்லை என்றால்

சிபேனலில் பிஎச்பிமைஅட்மினை (தரவுத்தளத்தைப் பார்க்கும் கருவி) திறங்கள். திறக்கவில்லை என்றால் மைஎஸ்க்யூஎல்லே நின்றுவிட்டது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் அது நிறுவனத்தின் வேலை. திறந்தால், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் உள்ள நான்கு விவரங்களைப் பாருங்கள்: தரவுத்தளப் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், ஹோஸ்ட். முதல் இரண்டின் முன்னாலும் சிபேனல் கணக்கின் பெயர் அடிக்கோட்டோடு ஒட்டியிருக்கும். தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றிய கையோடு இந்தப் பிழை வந்தால், பயனரை உருவாக்கிவிட்டுத் தரவுத்தளத்தோடு சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேசஸ் பக்கத்தில் சேர்த்து எல்லா உரிமைகளையும் கொடுங்கள். கடவுச்சொல்லில் சந்தேகம் இருந்தால் புதிதாக வைத்து அதையே கோப்பிலும் எழுதுங்கள். ஒற்றை மேற்கோள் குறியும் பின்சாய்வுக் கோடும் அதில் வேண்டாம். கோப்பில் அவை வேறு பொருள் தரும்.

1 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ்ஸில் இந்தப் பிழை அவ்வப்போது வந்து போனால், மெமரி நெருக்கடியில் லினக்ஸ் கெர்னல் மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றிருக்கும். சிஸ்டம் லாக்கில் அவுட் ஆஃப் மெமரி என்ற சொற்களைத் தேடினால் தெரிந்துவிடும். 1 அல்லது 2 ஜிபி ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) சேர்ப்பது முதலுதவி.

503-உம் 508-உம்

பராமரிப்பு நடப்பதாகச் செய்தி வந்து போகாமல் நின்றால், ஏதோ ஒரு புதுப்பிப்பு பாதியில் அறுந்திருக்கிறது. தளத்தின் மூலக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் கோப்பை அழித்தால் சரியாகும். அழிக்காவிட்டாலும் 10 நிமிடத்துக்குப் பிறகு வேர்ட்பிரஸ் அதைப் பொருட்படுத்தாது. அறுந்த புதுப்பிப்பை மட்டும் மறக்காமல் மறுபடி செய்யுங்கள்.

மற்ற 503-களும், கிளவுட்லினக்ஸ் (ஷேர்டு ஹோஸ்டிங்குக்கான இயங்குதளம்) சர்வர்களில் வரும் 508-உம் பெரும்பாலும் கூட்ட நெரிசல். மெட்ரிக்ஸ் பகுதியில் ரிசோர்ஸ் யூசேஜ் பாருங்கள். என்ட்ரி ப்ராசஸ் என்பது ஒரே நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பி வேலைகளின் எண்ணிக்கை. பல திட்டங்களில் எல்லை 20. வாசகர்கள் 20 பேர் என்று பொருளில்லை. பக்கம் அரை நொடியில் முடிந்தால் நொடிக்கு 40 கோரிக்கையைத் தாங்கும். 5 நொடி இழுத்தால் நொடிக்கு 4 வந்தாலே நிறைந்துவிடும். அதனால் பெரிய திட்டத்துக்கு மாறும் முன் ஒரு பேஜ் கேஷ் பிளக்இன் (தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்துத் தருவது) போடுங்கள். ஆக்சஸ் லாக்கில் (வந்த கோரிக்கைகளின் பதிவு) எக்ஸ்எம்எல்ஆர்பிசி (வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் வழி) கோப்புக்கும் லாகின் பக்கத்துக்கும் ஒரே ஐபியிலிருந்து நூற்றுக்கணக்கில் கோரிக்கைகள் வந்தால் அது கடவுச்சொல் ஊகிக்கும் பாட் (தானியங்கி நிரல்). அந்த ஐபியையும், பயன்படுத்தவில்லை என்றால் எக்ஸ்எம்எல்ஆர்பிசியையும் தடுத்துவிடுங்கள்.

502, 504

ஷேர்டு ஹோஸ்டிங்கில் 502 வந்தால் சில நிமிடம் பொறுங்கள். நீடித்தால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். விபிஎஸ்ஸில் நீங்கள்தான் நிறுவனம். என்ஜின்எக்ஸ் எர்ரர் லாக்கில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 2 என்றால் பிஎச்பி-எஃப்பிஎம்மின் (பிஎச்பியைத் தனியாக ஓட்டும் சேவை) சாக்கெட் கோப்பு (என்ஜின்எக்ஸ் அதோடு பேசும் வாசல்) அங்கே இல்லை: பிஎச்பியை 8.1-இலிருந்து 8.3-க்கு உயர்த்திவிட்டு, என்ஜின்எக்ஸ் அமைப்பில் பழைய பாதையை அப்படியே விட்டிருப்பீர்கள். 13 என்றால் சாக்கெட் இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை. 111 என்றால் பிஎச்பி-எஃப்பிஎம் ஓடவில்லை; இயக்குங்கள், ஏன் நின்றது என்பதை அதன் சொந்த லாக்கில் பாருங்கள். மேக்ஸ்_சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி ப்ராசஸ்களின் எண்ணிக்கை) எல்லையைத் தொட்டதாக அந்த லாக்கில் வரி இருந்தால் எண்ணைக் கூட்டலாம், கணக்குப் போட்டு: பிஎச்பிக்கு ஒதுக்க முடிந்த மெமரியை, ஒரு ப்ராசஸ் பிடிக்கும் மெமரியால் வகுங்கள். 1,000 எம்பி இருந்து ஒன்று 80 எம்பி பிடித்தால் 12. அங்கே 50 என்று எழுதிவைத்தால் மெமரி தீர்ந்து அடுத்து மைஎஸ்க்யூஎல் விழும்.

504-க்கு எல்லோரும் சொல்லும் மருந்து நேர எல்லையைக் கூட்டுவது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 நொடி காத்திருக்கும். ஆயிரம் பொருட்களை ஒரே மூச்சில் இறக்குமதி செய்யும் வேலைக்கு 300 ஆக்குவதில் தப்பில்லை. முகப்புப் பக்கமே 60 நொடியைத் தாண்டுகிறதென்றால் எல்லையைக் கூட்டுவது வாசகரைக் கூடுதலாகக் காக்கவைப்பதில் போய் முடியும். பதில் தராத வெளிச் சேவை ஒன்றை அழைத்துக்கொண்டிருக்கும் பிளக்இன், தரவுத்தளத்தில், தேடலை வேகமாக்கும் குறியீட்டெண் (இண்டெக்ஸ்) இல்லாத பெரிய அட்டவணையில் தேடல் – இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கிளவுட்ஃப்ளேர் காட்டும் எண்கள்

521 என்றால் உங்கள் சர்வர் இணைப்பை மறுத்தது; வெப் சர்வர் நின்றிருக்கும், அல்லது ஃபயர்வால் கிளவுட்ஃப்ளேரின் ஐபிகளைத் தடுத்திருக்கும். 522-இல் சர்வர் பேசவேயில்லை. ஹோஸ்டிங்கை மாற்றிவிட்டுக் கிளவுட்ஃப்ளேரில் பழைய ஐபியை விட்டாலும் இதேதான் வரும். 525, 526 இரண்டும் உங்கள் சர்வரில் உள்ள எஸ்எஸ்எல் சான்றிதழின் கோளாறு. தளம் திறக்காமல், மறுபடி மறுபடி தன்னிடமே திருப்பி அனுப்பி முடிவில்லாமல் சுற்றினால் கிளவுட்ஃப்ளேரில் எஸ்எஸ்எல் முறை ஃப்ளெக்சிபிளில் இருக்கும். சர்வரில் செல்லுபடியாகும் சான்றிதழ் போட்டுவிட்டு ஃபுல் ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். ஃப்ளெக்சிபிளில் கிளவுட்ஃப்ளேருக்கும் சர்வருக்கும் நடுவே மறையாக்கமே இல்லை என்பதால், சுற்றாவிட்டாலும் அதை மாற்றுவது நல்லது.

4-இல் தொடங்குபவை

முகப்பு திறந்து, உள்பக்கங்கள் எல்லாம் 404 காட்டினால் மேலே சொன்னபடி பெர்மாலிங்க்ஸைச் சேவ் செய்யுங்கள். என்ஜின்எக்ஸ் மட்டும் உள்ள சர்வரில் எச்டிஅக்சஸ் வேலை செய்யாது, அதன் அமைப்பில்தான் எழுத வேண்டும். பதிவைச் சேமிக்கும்போது மட்டும் 403 வந்தால் மாட்செக்யூரிட்டி (சர்வரின் பாதுகாப்பு வடிகட்டி) விதி ஒன்று இடிக்கிறது. விதி எண் லாக்கில் இருக்கும், அதை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். படம் ஏற்றும்போது 413 என்றால் என்ஜின்எக்ஸின் இயல்பான எல்லையான 1 எம்பியைத் தாண்டிவிட்டது.

உதவி கேட்டு எழுதும்போது

தளம் வேலை செய்யவில்லை, சீக்கிரம் பாருங்கள் என்று எழுதினால் கேஷை அழித்துப் பாருங்கள் என்ற பதில்தான் வரும். இவற்றை எழுதுங்கள்: டொமைன் பெயர், விழும் பக்கத்தின் முழு முகவரி, எண், கடைசியாக நடந்த நேரம் (எந்த நாட்டு நேரம் என்பதோடு), லாக்கில் கிடைத்த வரி அப்படியே, கடைசியாக நீங்கள் மாற்றியது, முயன்று பார்த்தவை. மற்றவர்களுக்குத் திறந்து உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் ஐபி. கடவுச்சொல்லைக் கடிதத்தில் அனுப்ப வேண்டாம்; நிறுவனத்தின் ஊழியருக்கு அது தேவையும் இல்லை.

தளம் எழுந்த பிறகு டபிள்யூபி_டீபக்கை மறுபடி ஃபால்ஸ் ஆக்கி, டீபக் லாக் கோப்பை அழித்துவிடுங்கள். பல சர்வர்களில் அதன் முகவரி தெரிந்த யாரும் அதைத் திறந்து படிக்கலாம். பழையது என்று பெயர் மாற்றி வைத்த கோப்புகளையும் கோப்புறைகளையும் ஒரு வாரம் வைத்திருந்து பிறகு நீக்குங்கள்.